வெள்ளம் வடிந்த பின் வரும் லாரி

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியில் பேரிடர் உதவி என்றால் பெரும்பாலும் வெள்ள உதவிதான். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை பழவேற்காட்டுக் கரையைத் தாக்கியது. 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. ஆனால் திரும்பத் திரும்ப வருவது தண்ணீர்தான். 2015-இலும் 2021-இலும் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்தது. வரும் வழியும் புதிதல்ல.

கொசஸ்தலையாற்றின் நீர் 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் வந்து நிற்கிறது. அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பி மதகு திறந்தால் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கம் பரவி, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். ஆரணியாற்றின் தலைமாட்டில் ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணை இருக்கிறது. அங்கே திறக்கும் நீர் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்கு வருகிறது. ஆகவே இந்த வட்டாரத்தில் மழை விட்ட மறுநாள்கூட வெள்ளம் ஏறலாம். வானம் வெளுத்துவிட்டதே என்று நிவாரணப் பொருளோடு கிளம்புகிறவர்கள் பாதி வழியில் தரைப்பாலம் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்துத் திரும்புவதற்குக் காரணம் இதுதான். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாட்களில் முகத்துவாரம் நீரை எளிதில் வெளியே விடாது. கரையோர ஊர்களில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும்.

சாலை அமைப்பும் உதவியின் போக்கைத் தீர்மானிக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டி. இடையில் கொல்கத்தா நெடுஞ்சாலை. நிவாரண வண்டிகள் இந்தச் சாலையை ஒட்டியே நிற்கும். கையேந்தி நிற்பவர்களுக்கு முதல் வண்டியிலேயே சாப்பாடு கிடைக்கும். அடுத்த வண்டியிலும் அவர்களுக்கே கிடைக்கும். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரையில் குடிசை போட்டிருப்பவருக்கு வண்டி வந்ததே தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களிலும் இதுவே நடந்தது: பெரிய சாலையோர ஊர்களில் லாரிகள் காலியாகிவிட, உள்ளடங்கிய ஊர்கள் காத்துக் கிடந்தன. இங்கே பொருளுக்குப் பஞ்சம் வருவது அரிது. பஞ்சம் வருவது கடைசி மூன்று கிலோமீட்டரைக் கடக்கும் டிராக்டருக்கும் படகுக்கும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த ஆளுக்கும்தான்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் மீட்புக்கு உரியவை. அது பழகிய கைகளின் வேலை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் படைப்பிரிவு பக்கத்து அரக்கோணத்திலேயே இருப்பது இந்த மாவட்டத்துக்கு ஒரு வசதி. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070 என்று எண்கள் உள்ளன. இவற்றுக்கு வெளியே உண்மையில் பயன்பட்டவர்கள் மீனவர்கள். 2015-இல் சென்னையிலும் 2018-இல் கேரளத்திலும் தெருவெள்ளத்தில் படகைச் செலுத்தி ஆட்களை ஏற்றி வந்தது அவர்கள்தான். நீரோட்டம் தெரியாமல் நகரத்திலிருந்து காரில் வரும் இளைஞர் குழு, எவ்வளவு நல்ல மனத்தோடு வந்தாலும், அந்த நாட்களில் மீட்கப்பட வேண்டியோர் எண்ணிக்கையில் நான்கைந்தைக் கூட்டவே வாய்ப்பு அதிகம். அவர்கள் வந்தே ஆக வேண்டும் என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்துவிட்டு, தங்கள் சாப்பாடு, குடிநீர், எரிபொருளைத் தாங்களே கொண்டுவந்து, சொன்ன இடத்தில் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். சொந்தப் புத்திசாலித்தனத்துக்கு அப்போது அவ்வளவாக இடமில்லை.

அடுத்து உணவு. வெள்ளம் நிற்கும் நாட்களில் அடுப்பு நனைந்திருக்கும், விறகு நனைந்திருக்கும், சிலிண்டர் மிதந்து போயிருக்கும். ஐந்து கிலோ அரிசிப் பையை வாங்கி வைத்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருப்பதால் பயனில்லை. அப்போது சமைத்த உணவுதான் வேண்டும். ஆனால் காலையில் சென்னையில் கட்டிய சாம்பார் சாதப் பொட்டலம் பொன்னேரி தாண்டி உள்ளூர்களுக்கு வந்து சேர்வதற்குள் ஊசிப்போகும். புளிசோறு கொஞ்சம் தாங்கும். இதைவிட எளிய வழி, முகாம் நடக்கும் பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ அடுப்பு மூட்டுவது. ஊர்ப் பெண்கள் சமைப்பார்கள். வேண்டியது அரிசி, பருப்பு, எண்ணெய், பெரிய அண்டா, எரிவாயு. ஆயிரம் பேருக்குத் தினமும் சமைக்கும் தொழிற்சாலை கேன்டீன்கள் கும்மிடிப்பூண்டியில் இருக்கின்றன. உற்பத்தி நின்றுபோன நாளில் அந்த அடுப்பும் நின்றுபோக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தண்ணீர் இறங்கி வீட்டில் அடுப்பு எரியத் தொடங்கிய பிறகுதான் மளிகைப் பைக்கு வேலை. அந்தப் பையில் அரிசியோடு உப்பு, மிளகாய்த்தூள், தீப்பெட்டி, ஒரு பாத்திரம் இவையும் இருந்தால்தான் அது ஒரு வேளைச் சோறாகும்.

குடிநீருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 லிட்டர் என்பது குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து உலகெங்கும் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் வரையறை. பாட்டில் தண்ணீரால் இந்த அளவை எட்ட முடியாது, டேங்கர் வேண்டும். தொழிற்பேட்டையில் டேங்கர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அமிலமோ கரைப்பானோ எண்ணெயோ ஏற்றிய டேங்கரை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்தக் கூடாது. அவசரத்தில் முதலில் மறந்துபோவதும் இதைத்தான்.

உடை பற்றி நாகப்பட்டினம் சொல்லும் பாடம் தனி. ஆழிப்பேரலையில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தனர். அடுத்த வாரமே தமிழகத்தின் மற்ற ஊர்களிலிருந்தும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பழந்துணி ஏற்றிய லாரிகள் வந்து குவிந்தன. கம்பளிச் சட்டை, கிழிந்த கால்சட்டை, சாயம்போன பட்டுப்பாவாடை, ஒற்றைக்கால் காலணி. முந்தின மாதம் வரை சொந்தப் படகில் கடலுக்குப் போய்ச் சம்பாதித்துச் சாப்பிட்ட குடும்பங்கள் அவற்றைத் தொட மறுத்தன. துணிகள் சாலையோரம் மலையாகக் கிடந்து மழையில் நனைந்தன, மாடுகள் மேய்ந்தன. பிணங்களை எடுக்கவும் குப்பையை அள்ளவும் ஆள் போதாமல் இருந்த உள்ளாட்சிகள் இந்த மூட்டைகளை அப்புறப்படுத்தவும் ஆள் போட வேண்டியிருந்தது. டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு அந்தக் கழிவுத் துணிகளைப் பெற்றுத் தரம்பிரித்து வேறு பொருட்களாக மாற்றும் பணியைப் பின்னர் எடுத்துக்கொண்டது. அதாவது, கொடையாக வந்ததை மறுபடி பொருளாக்க இன்னொரு அமைப்பு தேவைப்பட்டது.

பழந்துணி குவிவதற்குக் காரணம் ஈகை மட்டும் அல்ல. நகரத்து அலமாரிகளைக் காலி செய்ய நல்ல சாக்கு கிடைப்பதும் ஒரு காரணம். வெள்ளம் வந்த வீட்டில் உண்மையில் இல்லாமல் போவது புதிய உள்ளாடை, லுங்கி, நைட்டி, துண்டு, போர்வை, பாய், கொசுவலை, நாப்கின், வாளி, டார்ச் விளக்கு. மூன்று நாள் ஈர உடையோடு முகாமில் இருக்கும் பெண்ணுக்கு நைட்டியும் நாப்கினும் உடனே வேண்டும். பட்டியலில் இவற்றை எழுத ஆண் தன்னார்வலர்கள் கூச்சப்படுவதால் இவை கடைசியில் வந்து சேர்கின்றன. பட்டியல் போடும் இடத்தில் அங்கன்வாடிப் பணியாளரும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் உட்கார்ந்தால் இந்தக் குறை தானாகத் தீரும்.

பால்பவுடரும் மருந்தும் மேலும் கவனம் கேட்பவை. கைக்குழந்தைகளுக்கான பால்மாவையும் புட்டியையும் தானமாகக் கொடுப்பதை 1992-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆதரவற்றோர் இல்லங்களுக்குத்தான் விலக்கு. காரணம் எளிது. கொதிக்க வைக்காத தண்ணீரில் கரைத்து, கழுவ முடியாத புட்டியில் ஊட்டினால் வயிற்றுப்போக்கு வரும். இதற்கிடையில் தாய்க்குப் பால் குறைந்துவிடும். பெரியவர்கள் டீ போட வாங்கும் பால்பவுடர் வேறு, இது வேறு என்பதைப் பொருள் வாங்கும் கட்டத்திலேயே பிரித்தாக வேண்டும். மருந்தைப் பொறுத்தவரை 1988-இல் ஆர்மீனியாவில் நடந்தது உலக சுகாதார நிறுவனம் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி. நிலநடுக்கத்துக்குப் பின் சுமார் 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் வந்து இறங்கின. என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஐம்பது பேர் ஆறு மாதம் உழைக்க வேண்டியிருந்தது. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளைச் சேர்த்து அனுப்புவது அதே தவறின் சிறிய வடிவம். எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை யாருக்குத் தருவது என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் முடிவு செய்யட்டும். அவருக்கு உதவ நினைப்பவர் அவரிடமே என்ன வேண்டும் என்று கேட்கலாம். பல நேரம் அது மருந்தாக இராமல் ஜெனரேட்டருக்கு டீசலாக இருக்கும்.

இதுவரை சொன்னது எங்கும் பொருந்தும். கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கே உரிய சிக்கல், யார் கணக்கில் வருகிறார்கள் என்பது. அரசு நிவாரணம் பெரும்பாலும் குடும்ப அட்டையை ஒட்டி நடக்கிறது. மிக்ஜாம் நிவாரணத் தொகையான 6,000 ரூபாய் ரேஷன் கடைகள் வழியாகவே வழங்கப்பட்டது. அட்டை இல்லாதவர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்தவர்கள் விண்ணப்பித்தார்கள். தெரியாதவர்களுக்கு இந்த வட்டாரத்தில் குறைவில்லை.

முதலாவதாக இருளர்கள். திருவள்ளூர் அவர்கள் அதிகம் வாழும் மாவட்டங்களில் ஒன்று. ஒன்றிய அரசு மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் வகைப்படுத்திய ஆறு இனங்களில் அவர்களும் உண்டு. ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, செங்கல் சூளை ஓரம் என்று ஊருக்கு வெளியே, தாழ்வான நிலத்தில், பட்டா இல்லாமல் இருப்பார்கள். வெள்ளம் முதலில் நுழைவது அங்கே. கணக்கெடுப்பவர் கடைசியாகப் போவதும் அங்கே. பட்டா இல்லாததால் இடிந்த குடிசைக்கு இழப்பீடு கேட்பதே சிக்கல். பழவேற்காடு ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் படகும் இல்லை, பெரிய வலையும் இல்லை. மீனவர் நிவாரணம் வரும்போது இழந்ததாகக் காட்ட அவர்கள் கையில் எதுவும் இருக்காது. ஆழிப்பேரலைக்குப் பிறகும் இதே விதமாகக் கடலோர தலித்துகளும் பழங்குடிகளும் நிவாரணப் பட்டியல்களுக்கு வெளியே நின்றனர். பொருளை ஊர்ப் பஞ்சாயத்திடம் மொத்தமாக ஒப்படைத்துவிட்டு, கடமை முடிந்தது என்று திரும்பிய அமைப்புகள் இதற்குத் தெரியாமலே துணைபோயின. ஊர்த் தலைவர் வழியாகப் போவது எளிதுதான், மரியாதையும்தான். ஆனால் ஊரும் காலனியும் இருளர் குடியிருப்பும் தனித்தனியாக இருக்கும் இடத்தில் மூன்றுக்கும் தனித்தனியாகப் போய்வராமல் கொடுத்தது எதுவும் ஊருக்குக் கொடுத்ததாகாது.

இரண்டாவது, வடமாநிலத் தொழிலாளர்கள். கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டை வளாகங்களின் உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்தவர் வேலை செய்கிறார்கள். மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்கள் தங்குவது தகரக் கொட்டகையிலோ ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் லைன் வீட்டிலோ. குடும்ப அட்டை சொந்த ஊரில் இருக்கும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தால் அரிசி வாங்கலாம். தமிழக அரசின் ரொக்க நிவாரணம் வேறு கதை. எச்சரிக்கை ஒலிபெருக்கி தமிழில் பேசும். ஏரி உடையும், மேட்டுக்குப் போங்கள் என்று ஆட்டோ கத்திக்கொண்டு போனால் தேர்தல் பிரச்சாரம் என்று நினைத்துப் படுத்திருப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஒடியாவிலும் இந்தியிலும் ஒரு நிமிடக் குரல்பதிவு முன்கூட்டியே தயாராக இருந்தால், லேபர் கான்ட்ராக்டர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக அது சில நிமிடங்களில் எல்லா அறைக்கும் போய்ச் சேரும். செலவு ஒன்றும் இல்லாத இந்த உதவிக்குப் புகைப்படம் எடுக்க முடியாது என்பதாலோ என்னவோ, யாருக்கும் தோன்றுவதில்லை.

மூன்றாவது, கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். 1990 முதல் இயங்கும் பெரிய முகாம்களில் அது ஒன்று. நெருக்கமான வீடுகள், பொதுக் கழிப்பறைகள், குறுகிய வடிகால். முகாம் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பு என்பதால் மற்றத் துறையினர் எட்டிப் பார்ப்பது குறைவு. அதே சமயம் முகாமுக்குள் ஒழுங்கான குடும்பப் பட்டியல் இருக்கிறது. படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவதைவிட அவர்களையே அந்தப் பகுதியின் தன்னார்வலர்களாக்குவது மேல்.

மணலிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே வெள்ளம் வெறும் நீராக வருவதில்லை. மிக்ஜாம் மழையின்போது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. வலைகளும் படகுகளும் எண்ணெய் பூசிக் கிடந்தன. கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் ஒட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. எண்ணெயை அள்ளும் வேலைக்கு இறங்கியவர்கள் அதே கரையின் மீனவர்கள்; தொடக்க நாட்களில் பலர் வாளியும் மக்குமாக, வெறும் கையோடு அள்ளினார்கள். தோல் எரிச்சலும் மூச்சுத்திணறலும் தலைச்சுற்றலும் பின்னாலேயே வந்தன. அந்த மாதம் முடிவதற்குள், டிசம்பர் 26 இரவில், எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினர்.

ஆகவே இங்கே தன்னார்வலர் எடுத்து வரவேண்டிய பையில் பிஸ்கட்டுக்கு முன்னால் ரப்பர் காலணி, தடிமனான கையுறை, தகுந்த முகக்கவசம், கண்ணாடி ஆகியவை இருக்க வேண்டும். தனக்கு மட்டும் அல்ல, சேற்றை அள்ளப்போகும் ஊர்க்காரருக்கும் சேர்த்து. நிற்கும் நீரில் நிறமோ நாற்றமோ மினுமினுப்போ தெரிந்தால் இறங்காமல் இருப்பதே முறை. எண்ணெயோ ரசாயனமோ கலந்த கிணற்று நீர் குளோரின் மாத்திரையாலும் கொதிக்க வைப்பதாலும் தூய்மையாகாது. கிருமியைக் கொல்லும் வழி வேறு, ரசாயனத்தை நீக்கும் வழி வேறு. அந்தக் கிணறு சோதிக்கப்படும் வரை டேங்கர் வந்துகொண்டே இருக்க வேண்டும். நனைந்து கிழிந்த ரசாயன மூட்டைகளும் மிதந்து வந்த டிரம்களும் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் நிவாரண வேலையே.

இதில் ஆலைகளுக்குச் சட்டப்படியே பங்கு உண்டு. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1989-இல் வந்த அபாயகர ரசாயனங்கள் விதிகளின்படி அத்தகைய ஆலைகள் வளாகத்துக்குள் அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும்; வளாகத்துக்கு வெளியே உள்ள ஊர்களுக்கான திட்டத்தை மாவட்ட நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். அந்தத் திட்டங்களில் தீயும் கசிவும் இருக்கும் அளவுக்கு வெள்ளமும் இருக்கிறதா, எந்தக் கிடங்கு எத்தனை அடி நீரில் மூழ்கும் என்று எழுதியிருக்கிறதா என்பவை மழைக்காலத்துக்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள். டிசம்பரில் ஆயிரம் போர்வை கொடுத்த நிறுவனம் அக்டோபரில் தன் கழிவுத் தொட்டியின் கரையை உயர்த்தியிருந்தால் அந்தப் போர்வைகளில் பாதி தேவைப்பட்டிராது என்று சொல்லக்கூடிய இடங்கள் இந்தக் கரையில் உண்டு.

பணம் கொடுப்பதே பல நேரம் சிறந்த உதவி. பணத்துக்குத் தரம்பிரிக்க ஆள் வேண்டாம். அது பொன்னேரிக் கடைத்தெருவிலேயே செலவாகி, வெள்ளத்தில் சரக்கு இழந்த அங்குள்ள வியாபாரியையும் தூக்கிவிடும். தனிநபர்கள் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குத் தரும் தொகைக்குப் பழைய வருமான வரி முறையில் வரிவிலக்கு உண்டு. நிறுவனங்களின் நிலை சற்று வேறு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுக்கு உட்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பேரிடர் நிவாரணமும் மறுசீரமைப்பும் 2019-இல் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் தருவது இந்தக் கணக்கில் சேராது என்று 2020 ஏப்ரலில் கம்பெனி விவகார அமைச்சகம் தெளிவுபடுத்தியது. இதனால் பல நிறுவனங்கள் நேரடியாகப் பொருள் வாங்கிக் கொடுப்பதில் இறங்குகின்றன. அது தவறில்லை. பெயர் அச்சிட்ட பையிலிருந்து வாய்க்கால் பழுதுக்கும் பள்ளிக் கழிப்பறைக்கும் சுகாதார நிலையத்தின் மின்வசதிக்கும் அந்தப் பணம் நகர்ந்தால் பலன் கூடும். வெளிநாட்டுத் தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சம்பாத்தியத்திலிருந்து அனுப்புவது அந்நியப் பங்களிப்பு ஆகாது. வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பும் பணத்தை அதற்கான பதிவோ முன்அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பின் அது வேறு அமைப்புக்கு அந்தப் பணத்தை மாற்றித் தரவும் முடியாது. பெரிய தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பி, அது ஊர்க் குழுவுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்று எண்ணும் பழைய வழி அடைபட்டிருக்கிறது.

எல்லோரும் தனித்தனியாக ஓடுவதைத் தவிர்க்க வழி உண்டு என்பதற்கும் நாகப்பட்டினமே சான்று. 2005 ஜனவரி முதல் நாளிலேயே தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சிநேகா அமைப்பும் சேர்ந்து மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. எந்த ஊருக்கு எந்த அமைப்பு போயிருக்கிறது, எங்கே என்ன மிச்சம், எங்கே என்ன குறை என்ற விவரம் ஒரே இடத்தில் கிடைத்தது. வந்திறங்கிய பல அமைப்புகளுக்கு, எங்கே போவது என்ற முதல் கேள்விக்கான விடை அங்கேதான் கிடைத்தது. பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் அப்படி ஒரு மேசை போட வட்டாட்சியர் அலுவலகமும், தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமும், மீனவர் சங்கங்களும், இருளர் அமைப்புகளும் போதும். மேசைக்கு வேண்டியது ஒரு வரைபடமும் தொலைபேசியும், இந்த ஊருக்குப் போதும், அந்த ஊருக்குப் போ என்று சொல்லும் தைரியமும்.

அந்தத் தைரியம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைப் படகுகள் காட்டின. ஆழிப்பேரலைக்குப் பின் படகு கொடுப்பது நன்கொடையாளர்களுக்குப் பிடித்த உதவியாக இருந்தது. ரிப்பன் வெட்டலாம், பெயர் எழுதலாம். பல கரைகளில் இழந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்தன. அவற்றில் சில அவசரத்தில் தரமின்றிச் செய்யப்பட்டவை. படகு கூடியதே தவிர மீன் கூடவில்லை. கூலிக்கு வந்தவர்கள் புதிய படகுகளுக்குப் போய்விட, பழைய படகுகள் கரையில் நின்றன. பழவேற்காட்டு ஏரியில் எந்தக் குப்பம் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதற்குத் தலைமுறை தலைமுறையாக முறை உண்டு. வலையோ படகோ கொடுக்கும் முன் அந்த முறையை அறிந்தவர்களிடம் கேட்காவிட்டால் உதவியே தகராறாகும்.

மூன்றாவது வாரத்தில் கேமராக்களும் லாரிகளும் போய்விடும். படிப்பறிவுள்ள தன்னார்வலரின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. மிக்ஜாமுக்குப் பின் தமிழக அரசு குடிசைக்கு 8,000, பசு, எருமைக்கு 37,500, முழுதும் சேதமான கட்டுமரத்துக்கு 50,000 ரூபாய் என்று இழப்பீட்டை உயர்த்தி அறிவித்தது. இந்தத் தொகையை வாங்கக் கிராம நிர்வாக அலுவலரின் பதிவு வேண்டும், செத்த மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் சான்று வேண்டும், வங்கிக் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். புதைத்துவிட்ட மாட்டுக்குச் சான்று வாங்க முடியாது. அன்றே ஒரு புகைப்படம் எடுத்து வைத்தவருக்குக் கிடைத்தது, எடுக்காதவருக்குக் கிடைக்கவில்லை. ஆதார், சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவை நனைந்து போனவர்களுக்காக 2015-இலும் 2023-இலும் அரசு கட்டணமில்லா முகாம்கள் நடத்தியது. முகாம் எந்த நாள், எந்தப் பள்ளி என்ற செய்தியை இருளர் குடியிருப்புக்கும் சூளைக்கும் கொண்டுபோய், ஆட்களை அழைத்து வந்து, படிவம் நிரப்பி, ரசீது வாங்கித் தருவது ஐம்பது மளிகைப் பைகளுக்குச் சமம். பதினோராம் வகுப்பு மாணவிக்குச் சாதிச் சான்று திரும்பக் கிடைப்பதன் மதிப்பைப் போர்வைக் கணக்கில் எழுத முடியாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை விதி கடுமையாக இருப்பதே நல்லது. பெற்றோரை இழந்த குழந்தையை யாரும் இரக்கத்தால் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. 1098-க்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா இல்லத்தை அரசு தொடங்கியதும் அதற்காகத்தான். படம் எடுப்பதிலும் அதே கண்டிப்பு பொருந்தும். பிரெட் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி கேமராவைப் பார்க்கச் சொல்லப்படும் முதியவர், தன் ஊரில் ஐந்து பேருக்குச் சோறு போட்டவராக இருக்கலாம். கொடுத்ததற்குச் சான்று வேண்டுமென்றால் பொருளின் படமும் கையெழுத்துப் பட்டியலும் போதும்.

கணக்கு கடைசியில் வருகிறது. பல குழுக்கள் அதற்கு முன்பே கலைந்துவிடுகின்றன. எவ்வளவு வசூலானது, எங்கே என்ன வாங்கப்பட்டது, எந்தக் குடியிருப்பில் எத்தனை குடும்பத்துக்குப் போனது, எவ்வளவு மிச்சம் என்பவற்றைக் கொடுத்தவர்களுக்கு மட்டுமின்றிப் பெற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சில வாரங்களில், ஜனவரி 26-இல், எல்லா ஊராட்சிகளிலும் கிராமசபை கூடுகிறது. நிவாரணக் கணக்கை அங்கே படிக்கலாம், விடுபட்டவர்கள் அங்கேயே எழுந்து சொல்லலாம். 2022 முதல் நவம்பர் 1 அன்றும் கிராமசபை கூடுகிறது. மழை வலுக்கும் முன்னே வரும் அந்தக் கூட்டத்தில் தாழ்வான குடியிருப்புகள், தனித்து வாழும் முதியோர், கர்ப்பிணிகள், சூளைகள், லைன் வீடுகள், படகு வைத்திருப்போர், டிராக்டர் வைத்திருப்போர் ஆகியோரின் பட்டியலை எழுதிப் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாட்சியர் அலுவலகங்களில் ஒரு பிரதியும் தொழிற்பேட்டை சங்கத்தில் ஒரு பிரதியும் கொடுத்து வைக்கலாம்.